ஜூலை அவர்களுக்கு, ஆகஸ்ட் எங்களுக்கு

1

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது நான் யோசித்துக் கண்டுபிடித்த கதை இல்லை. போன வருஷம், 1988 ஆகஸ்டில், பிரான்ஸில் ஒரு சின்ன ஊரில், கோழிகளுக்கு இரை போட்டுக்கொண்டே மதாம் ரூசெல் என்ற பக்கத்து வீட்டுப் பெண்மணி பேச்சுவாக்கில் சொன்ன நாலு வாக்கியங்களிலிருந்து வந்த கதை. நாலும் என்னைப் பற்றியவை. அவருக்கு அது தெரியாது.

கதையில் இரண்டு பெண்கள். எலிசா அமெரிக்காவில், ஜெர்சி சிட்டியில் நர்ஸ், திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்துக்காரி. காமாக்ஷி பார்சிப்பனி டவுன் லைப்ரரியில் பகுதி நேர வேலை பார்க்கிறவள், மாம்பலத்தில் வளர்ந்தவள். இரண்டு பேருக்கும் பன்னிரண்டு வருஷப் பழக்கம். காமாக்ஷி நான்தான். ஆனாலும் கதையை எலிசாவின் பக்கம் நின்றுதான் சொல்லப்போகிறேன். காமாக்ஷியின் பக்கத்தை என்னிடம் விட்டால் நன்றாகவே பூசி மெழுகிவிடுவேன்.

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. வருகிற சனிக்கிழமை காலை எலிசா ஒரு பத்திரத்தோடு என் வீட்டுக்கு வருகிறாள். நாங்கள் இரண்டு குடும்பமும் சேர்ந்து வாங்கிய பிரான்ஸ் வீட்டிலிருந்து அவர்கள் விலகிக்கொள்கிறார்கள். அடுத்த வாரம் கலிபோர்னியாவில் சான் ரமோனுக்குக் குடிபோகிறார்கள். காரணம் கேட்டதற்கு, "அங்கருந்து பிரான்ஸ் ரொம்ப தூரம்ப்பா" என்றாள்.

அது காரணம் இல்லை. நான் செய்த ஒரு காரியத்தை அவள் பார்த்துவிட்டாள். பார்த்தது எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. சனிக்கிழமை நான் வாயைத் திறக்கவில்லை என்றால், சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டு, கட்டிக்கொண்டு விடைகொடுத்து, அவளை ஒரேயடியாக இழந்துவிடுவேன். அதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும்.

2

முதல் ஆரம்பம்: "பச்சைப் பசேலென்ற புல்வெளிகளுக்கு நடுவே, சாம்பல் நிறக் கல் வீடு ஒன்று —"

வேண்டாம். பயணக் கட்டுரை மாதிரி இருக்கிறது.

இரண்டாவது: "வாஞ்சிநாதனுக்கு எப்போதுமே அகலக் கால் வைக்கிற சுபாவம்."

இதில் பழி என் கணவர் தலையில் விழுகிறது. வீடு வாங்கும் யோசனை அவருடையது என்பது உண்மைதான். டெலிபோன் கம்பெனி அவரை எண்பத்துமூன்றில் எட்டு மாதம் பிரான்ஸுக்கு அனுப்பியது. திரும்பும்போது அந்த வீட்டின் போட்டோ ஒன்றோடு வந்தார். ஆனால் வீட்டை வாங்கியது அவர், நான் செய்தது நான். இதையும் அடித்துவிட்டேன்.

மூன்றாவது: "எலிசா வெகுளி."

இல்லவே இல்லை. வெகுளியை ஏமாற்றிவிட்டோம் என்றால் பாவம் கொஞ்சம் சின்னதாகத் தெரியும். எலிசா தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறவள். நோயாளியின் முகத்தைப் பார்த்தே டாக்டருக்கு முன்னால் சொல்லிவிடுவாள்.

ஆக, ஏற்பாட்டைச் சொல்லி ஆரம்பிப்பதுதான் நேர்மை.

3

எண்பத்துநாலில் டாலர் ஏறிக்கிடந்தது. இளைஞர்கள் பட்டணத்துக்குப் போய்விட்ட பிரான்ஸ் கிராமங்களில் கல் வீடுகள் கேட்பாரற்றுக் கிடந்தன. வாஞ்சிநாதன் தன் சிநேகிதர் சத்தியசீலனைக் கூப்பிட்டார். சத்தியசீலன் எலிசாவின் கணவர், பெயிண்ட் கம்பெனியில் கெமிஸ்ட். ஆளுக்குப் பாதி. கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். லீவு கிடைத்தால் ஊருக்குப் போவதை விட்டுவிட்டு, பிரான்ஸில் சம்மர் வீடாம்!*

(* இந்தச் சிரிப்பு சும்மா இல்லை. வருஷத்துக்கு நாலு வாரம் லீவு. அதை மெட்ராஸுக்கோ நாசரேத்துக்கோ செலவழிக்காமல் வேறு எங்கோ செலவழிக்கிறவர்களைப் பற்றி நம்மவர்கள் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். எலிசா மட்டும், "அங்க போனா யாரும் நம்மள எதுவும் கேக்க மாட்டாங்கல்ல?" என்று கேட்டாள். எனக்கும் அதுதான் பிடித்திருந்தது.)

ஜூலை அவர்களுக்கு, ஆகஸ்ட் எங்களுக்கு. அவர்கள் கிளம்புகிற நாளில் நாங்கள் போய்ச் சேருவோம். பெரும்பாலும் எங்கள் ரயில்கள் வழியில் ஒன்றையொன்று கடந்துபோகும். சாவி மதாம் ரூசெல்லிடம் இருக்கும்.

நாங்கள் சைவம் என்பதற்காக எலிசா அந்த வீட்டுச் சமையலறையில் ஒரு நாளும் மாமிசம் சமைக்கவில்லை. நாங்கள் கேட்கவில்லை. அவளாகவே முதல் வருஷம் சொன்னாள். "ஒரு மாசம் கறி சாப்பிடலன்னா செத்தா போயிருவோம்? பிள்ளைக்குத் தோணுச்சுன்னா டவுன்ல போய் சாப்ட்டுக்கிடட்டும்." அவள் மகள் ஷீபா, "தட்ஸ் நாட் ஃபேர், மம்மி" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாளாம். அதையும் எலிசா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

இன்னொன்றும் செய்வாள். ஜர்னல் ஸ்கொயர் இந்தியக் கடையில் நல்ல பழைய அரிசியாகப் பார்த்து வாங்கி, சூட்கேஸில் சுமந்துபோய், கிளம்பும்போது நீல பிஸ்கட் டப்பா ஒன்றில் வழிய வழிய நிரப்பி எங்களுக்காக வைத்துவிட்டு வருவாள். நாங்கள் பிரயாணக் களைப்போடு வந்து இறங்குவோம், கடை எட்டு மைல் தள்ளி, வந்த உடனே ஒரு குக்கர் சாதமாவது வைத்துக்கொள்ளட்டும் என்று.

செப்டம்பரில் அவள் போன் செய்யும்போது அரிசி நன்றாக இருந்தது என்று காமாக்ஷி சொல்வாள்.

[நான் சொல்வேன்.]

4

இனி எலிசா. இந்தப் பகுதியில் நான் அந்த இடத்தில் இல்லை. தெரிந்ததை வைத்துத் தெரியாததை எழுதுகிறேன்.

1987 ஜூலை 30. பாரிஸில் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஓட்டல். ஆகஸ்ட் 1 காலை விமானம். மத்தியானம் சத்தியசீலன் கட்டிலில் பாஸ்போர்ட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு கேட்டார்: "எலிசா, க்ரீன் கார்டு ரெண்டும் எங்க?"

எலிசா கைப்பையைத் திறக்கப் போய் நிறுத்திக்கொண்டாள். ஜெர்சி சிட்டி அபார்ட்மென்ட்டில் ஒரு முறை திருடன் புகுந்ததிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம். நகை, கார்டு, எதுவானாலும் பிளாஸ்டிக் பையில் சுற்றி அரிசிக்குள் புதைத்துவிடுவாள். திருடன் பீரோவை உடைப்பான், அரிசியில் கை விடமாட்டான். பிரான்ஸ் வீட்டிலும் அதே வேலை. அந்தக் காலை காமாக்ஷிக்காக டப்பாவை நிரப்பியபோது அடியிலிருந்ததை எடுக்க மறந்து, மேலேயே அரிசியைக் கொட்டி மூடிவிட்டாள்.

"அரிசி டப்பால."

"எந்த அரிசி டப்பா?"

"காமாக்ஷிக்கு வச்ச டப்பால."

சத்தியசீலன் தலையில் கை வைத்துக்கொண்டார். கார்டு இல்லாமல் அமெரிக்காவுக்குள் விடமாட்டார்கள். அந்த வீட்டில் போன் கிடையாது. "நான் போயிட்டு வர்றேன்" என்றார்.

"நீங்க பிள்ளையப் பாத்துக்கிடுங்க. காலைல ஃபர்ஸ்ட் ட்ரெயின்ல நான் போறேன். இப்ப அவங்க வந்திருப்பாங்க. காமாக்ஷி சோறு வைக்க அரிசி எடுக்கும்போதே பாத்திருப்பா. பத்திரமா எடுத்து வச்சிருப்பா."

[இந்தக் கடைசி மூன்று வாக்கியங்களை நான்தான் எழுதினேன். அவள் சொன்னாளா என்று தெரியாது. சொல்லியிருப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எழுதிவிட்டு எழுந்துபோய் அடுப்படியில் கொஞ்ச நேரம் நின்றேன்.]

ரயிலில் மூன்று மணி நேரம். பிறகு பேருந்து. எலிசா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பயம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒரு வகையில் சந்தோஷம் கூட வந்தது. நாலு வருஷமாக ஒரே வீட்டுக்குச் சொந்தக்காரர்களாக இருந்தும், அந்த வீட்டில் அவளும் காமாக்ஷியும் ஒரு வேளை கூடச் சேர்ந்து இருந்ததில்லை. இன்றைக்குத் திரும்பும் பேருந்து இரண்டரை மணிக்குத்தான். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வரலாம்.

5

பேருந்து நிறுத்தத்திலிருந்து மேடேறிப் போனால் முதலில் மதாம் ரூசெல் வீடு. அதைத் தாண்டி ஒரு கல் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் வீடு.

மதாம் ரூசெல் எலிசாவைப் பார்த்ததும் கையை உயர்த்திக்கொண்டு ஓடிவந்தார். ஏப்ரன் பையிலிருந்து பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். இரண்டு கார்டுகளும் இருந்தன. எலிசா அவரைக் கட்டிக்கொண்டாள். அப்புறம்தான் இது இவரிடம் எப்படி வந்தது என்று தோன்றியது.

மதாம் ரூசெல் வாசலைக் காட்டினார். நீல டப்பா திறந்து கிடந்தது. பக்கத்தில் கோழிகள் அரிசியைக் கொத்திக்கொண்டிருந்தன. நேற்று சாயங்காலம் உங்கள் சிநேகிதி கொடுத்தார், இப்போதுதான் அடியில் இதைப் பார்த்தேன் என்று அவர் மெல்ல மெல்ல, எலிசாவுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். ரொம்ப நல்ல மாதிரி. எல்லா வருஷமும் கொடுக்கிறார். விரல்களை விரித்துக் காட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

எலிசா நாலு விரல்களையும் பார்த்தாள்.

பிறகு சுவர் வரைக்கும் போனாள். சுவர் மார்பளவு உயரம். அந்தப் பக்கம் புல்தரையில் வீட்டிலிருந்த பாத்திரம் அத்தனையும் கிடந்தன. அவளும் காமாக்ஷியும் நியூஜெர்சியில் சேர்ந்து போய் வாங்கிய குக்கர், சந்தையில் வாங்கிய தட்டுகள், கரண்டிகள், டம்ளர்கள். அவள் முந்தின நாள் காலையில்தான் அத்தனையையும் பளபளவென்று கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தாள். காமாக்ஷி முதுகைக் காட்டி உட்கார்ந்து, புளி போட்டு ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாஞ்சிநாதன் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். காமாக்ஷி ஒரு கிண்ணத்திலிருந்து மஞ்சள் தண்ணீரை எடுத்து வாசல்படியிலும் சமையலறைத் தரையிலும் தெளித்தாள்.

"போதும் காமு, சுத்தமாத்தான் இருக்கு" என்றார் வாஞ்சிநாதன்.

"உங்களுக்கென்ன தெரியும்? நீங்க தண்ணியைக் கொட்டுங்கோ" என்றாள் காமாக்ஷி.

இது கற்பனை இல்லை. வார்த்தைக்கு வார்த்தை நான் சொன்னது. ஒவ்வொரு வருஷமும் சொன்னது.

எலிசா எவ்வளவு நேரம் நின்றாள்? மதாம் ரூசெல் போன வருஷம் என்னிடம் சொன்ன கணக்கு, சர்ச்சில் ஒரு ஜெபம் சொல்லி முடிக்கிற நேரம். அப்புறம் திரும்பிப் பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விட்டாளாம். இரண்டரை மணிப் பேருந்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

6

செப்டம்பரில் வழக்கம்போல எலிசா போன் செய்தாள். அவள் திரும்பி வந்தது அப்போது எனக்குத் தெரியாது. மதாம் ரூசெல் அந்த வருஷம் ஒன்றும் சொல்லவில்லை, சிநேகிதிகளுக்குள் ஆயிரம் இருக்கும் என்று விட்டிருப்பார். எனவே இந்தப் பேச்சை அப்போது நான் சாதாரணமாகத்தான் பேசினேன்.

"சம்மர் எப்படி இருந்துச்சு?"

"நன்னா போச்சு எலிசா. மழைதான் கொஞ்சம் ஜாஸ்தி."

"ம்" என்றாள். "அரிசி எப்படி இருந்துச்சு, காமாக்ஷி?"

"ரொம்ப நன்னா இருந்தது. போன தடவையை விட ஒசத்தி. பொலபொலன்னு உதிர்ந்தது. இவர் ரெண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்."

"அப்படியா?"

"ஆமா. எதுக்கு இவ்வளவு சிரமப்படறே நீ?"

"சிரமம் என்ன" என்றாள். "சரி, டியூட்டிக்கு நேரமாச்சு. வைக்கட்டுமா?"

எண்பத்தெட்டு ஜூலையில் அவர்கள் போகவில்லை. லீவு அப்ரூவ் ஆகவில்லை என்று சத்தியசீலன் சொன்னார். அவர் அப்போதும் எங்களோடு எப்போதும்போலப் பேசினார், சிரித்தார். எலிசா அவரிடம் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். கார்டு கிடைத்தது என்று மட்டும் சொல்லியிருப்பாள். என் மானத்தை அவள் தன் கணவரிடம் கூட விட்டுக்கொடுக்கவில்லை.

ஆகஸ்டில் நாங்கள் போனபோது மதாம் ரூசெல் கேட்டார், உங்கள் சிநேகிதி ஏன் வரவில்லை, அந்தக் கார்டுகள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தனவா, பாவம், அன்றைக்கு அவ்வளவு தூரம் வந்து சுவர் வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிட்டாரே, கோழிகளுக்கு இந்த வருஷம் அரிசி இல்லையா.

நான் நின்ற இடத்திலேயே அந்தப் போன் பேச்சை முதலிலிருந்து கடைசி வரை நினைத்துப் பார்த்தேன். அவள் கேட்டது நான் உண்மையைச் சொல்ல ஒரு வாய்ப்பு. நான் பொலபொலவென்று உதிர்ந்தது என்று சொல்லியிருக்கிறேன்.

7

ஏன் செய்தாய் என்று ஒரு வாசகர் கேட்பார். கேட்கத்தான் வேண்டும்.

முதல் வரைவில் ஒரு மாமியாரைக் கொண்டுவந்தேன். மெட்ராஸிலிருந்து அவர் கடிதத்துக்கு மேல் கடிதம் போடுகிறார், ஆசாரத்தை விட்டுவிடாதே என்று. கதாபாத்திரம் நன்றாக அமைந்தது. ஒரே ஒரு குறை, என் மாமியார் அப்படிப்பட்டவர் இல்லை. அவருக்கு அந்த வீடு இருக்கிற திசை கூடத் தெரியாது. எடுத்துவிட்டேன்.

இரண்டாவது வரைவில், "சைவ வீட்டில் வளர்ந்த —" என்று ஆரம்பித்தேன். எலிசா அங்கே மாமிசம் சமைக்கவே இல்லை என்று மூன்றாம் பகுதியில் நானே எழுதிவைத்திருக்கிறேனே. அதுவும் போயிற்று.

மூன்றாவதில், "வெறும் பழக்கம், கை தானாகச் செய்தது" என்று எழுதினேன். அதில் ஒரு நாள் முழுக்க நிம்மதியாக இருந்தேன். அப்புறம்தான் மதாம் ரூசெல் வீட்டுக் காப்பி ஞாபகத்துக்கு வந்தது. ஆகஸ்ட் மாதம் தினமும் காலையில் அவர் வீட்டுக்குப் போவேன். முயலை உரித்துத் தொங்கவிட்டிருக்கும் சமையலறையில் உட்கார்ந்து, அவர் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுக்கிற பால்காப்பியை ரசித்துக் குடிப்பேன். கிண்ணத்தைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டும் என்று என் கைக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. வெள்ளைக்காரியின் கிண்ணம் சுத்தம். நாசரேத்துக்காரி கழுவி வைத்த டம்ளர் தீட்டு.

அதற்குப் பெயர் பழக்கம் இல்லை. சாதி. எழுதிவிட்டேன். இதை எழுத எனக்கு ஒன்றேகால் வருஷம் ஆகியிருக்கிறது.

இன்னும் மோசமானது ஒன்று இருக்கிறது. நம் ஊரில் இதைச் செய்திருந்தால் அண்டை அயல் பார்க்கும், பேசும் என்று சாக்குச் சொல்லலாம். அந்த ஊரில் என்னைப் பார்க்க யாருமே இல்லை. யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்றுதானே அங்கே வீடே வாங்கினோம்? யாரும் கேட்காத இடத்தில், யாரும் சொல்லாமல், நானாக வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன். பன்னிரண்டு வருஷத்தில் எனக்குக் குழந்தை கலைந்தபோது மூன்று நாள் லீவு போட்டு என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள். அவளுக்கு நான் இதைச் செய்தேன். வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

8

முடிவுகள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

(அ) காமாக்ஷி கையெழுத்துப் போடுகிறாள். எலிசா பத்திரத்தை மடித்து வைக்கிறாள். "சான் ரமோன் போனதும் அட்ரஸ் எழுதுறேன்." "கண்டிப்பா." இரண்டு கிறிஸ்துமஸுக்குக் கார்டு வருகிறது. மூன்றாவதுக்கு வரவில்லை. இந்த முடிவுதான் நடக்க அதிகம் சாத்தியமுள்ளது. ஒன்றுமே செய்யாவிட்டால் இதுதான் நடக்கும்.

(ஆ) காமாக்ஷி அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்கிறாள். எலிசா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "விடு காமாக்ஷி, அதையெல்லாம் நான் அன்னைக்கே மறந்துட்டேன்" என்கிறாள். இதை எழுதும்போது பேனா தடையில்லாமல் ஓடியது. வசனம் சர்க்கரையாக வந்தது. படித்துப் பார்த்துவிட்டுக் கிழித்தேன். அவள் மன்னிப்பையும் அவளைக் கேட்காமல் நானே எழுதி எடுத்துக்கொள்கிறேன் பாருங்கள்.

(இ) எலிசா கத்துகிறாள். "நாலு வருஷமா என்னைய என்னன்னு நெனச்சே நீ?" இதோடு நின்றுவிட்டது. மேற்கொண்டு எழுத வரவில்லை. அவள் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அவள் குரல் உயர்ந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் என்னிடம் அவள் ஒரு முறையாவது கோபித்துக்கொள்ள நான் இடம் கொடுத்தேனா என்பதும் தெரியவில்லை.

ஆகவே முடிவு இல்லாமலே இந்தப் பக்கங்களைச் சனிக்கிழமை அவளிடம் கொடுக்கப்போகிறேன். அவள் படித்துவிட்டு வேண்டாம் என்றால் இது அடுப்புக்குப் போகும். நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு மேல் அதிலிருந்து எதையும் ஊகிக்க வேண்டாம்.

9

இது பிறகு சேர்த்தது.

எலிசா பதினொரு மணிக்கு வந்தாள். பத்திரத்தை எடுக்கப் போனவளை நிறுத்தி, "முதல்ல இதைப் படி" என்றேன். கோட்டைக் கூடக் கழற்றாமல், டைனிங் டேபிளில் உட்கார்ந்து படித்தாள். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். எழுந்துபோக வேண்டும் போல் இருந்தது. போகவில்லை.

ஐந்தாம் பகுதியில் நிறுத்தி, பேனா கேட்டாள். கொடுத்தேன். சுவரோரம் அவள் நின்றதைப் பற்றி நான் எழுதியிருந்ததில் ஒரு வரியை அடித்தாள்.

"நான் அங்க அழல, காமாக்ஷி. அத எடுத்துரு."

"எடுத்துடறேன்."

"நீ அழ வச்சிருக்கே என்னைய. நான் அழல."

"அப்போ... என்ன பண்ணினே?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டு, "கோழிங்கள எண்ணிக்கிட்டு நின்னேன்" என்றாள். "பதினொண்ணு இருந்துச்சு."

பிறகு மீதியைப் படித்தாள். முடித்ததும் காகிதங்களைத் தட்டி அடுக்கி என் பக்கம் நகர்த்தினாள். அப்புறம் பேச ஆரம்பித்தாள். பேசினோம். அவள் குரல் உயர்ந்தால் எப்படி இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். அவள் வீட்டுக்குப் போகும்போது மணி நாலு.

பத்திரத்தில் கையெழுத்து ஆயிற்றா, அவள் போகும்போது என்ன சொன்னாள் என்றெல்லாம் கேட்பீர்கள். எழுதமாட்டேன். அந்த ஐந்து மணி நேரத்தில் பாதி அவளுடையது. அவள் எனக்கென்று கொடுத்ததை இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுக்க எனக்கு இனிமேல் மனசு வராது.